மிளகளவு மருந்து

கரைக்காவல் நிலையத்தில் எல்லோரும் அவளைப் பொட்டலக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். கடையில் சுருட்டிக் கொடுக்கிற காகிதப் பொட்டலம் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் கட்டியது வெடிமருந்துப் பொட்டலம். கம்பளித் துணியில் தைத்த சின்னப் பை, உள்ளே கருமருந்து, வாயில் இரட்டைச் சுருக்கு. பீரங்கியின் வாய் வழியாக அதை உள்ளே தள்ளி, அதன்மேல் இரும்புக் குண்டை இறக்கி, பின்பக்கத் துளையில் நெருப்பு வைப்பார்கள். மீதியைப் பீரங்கி பார்த்துக்கொள்ளும்.

இந்தப் பீரங்கி யாரையும் கொன்றதில்லை. இடுப்பளவு உயரத்தில் ஒரு குட்டிப் பீரங்கி அது. பாறையில் மாட்டிக்கொண்ட கப்பலுக்குக் கயிறு எறிவதுதான் அதன் வேலை. புயலில் படகு போக முடியாது, மனிதக் கையால் அவ்வளவு தூரம் எறியவும் முடியாது. அதனால் குண்டில் ஒரு வளையம், வளையத்தில் மெல்லிய கயிறு. குண்டு கப்பலைத் தாண்டி விழுந்தால் கயிறு கப்பலின் மேல் கிடக்கும். அங்கே இருப்பவர்கள் அதைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே தடித்த கயிறு வரும். அதில் ஒரு கூடையைத் தொங்கவிட்டு ஒவ்வொருவராகக் கரைக்கு இழுத்துவிடலாம். கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் எல்லாம் அந்த முதல் கயிற்றில் இருக்கிறது. அது அறுந்தால் எல்லாம் போயிற்று.

கயிறு திரித்தவர் அவள் வீட்டுக்காரர். நீளக் கொட்டகையில் இடுப்பில் நாரைச் சுற்றிக்கொண்டு, திரித்தபடியே பின்னோக்கி நடப்பார். வாழ்நாளெல்லாம் பின்னால் நடந்தே முன்னுக்கு வந்த ஆள் என்று நிலையத்தில் கிண்டல் செய்வார்கள். திரித்த கயிற்றை முளைகள் அடித்த பெட்டியில் சிக்கு விழாமல் வளைத்து வளைத்து அடுக்குவதும் அவர்தான். ஆக, பீரங்கிக்குள்ளே போவது மனைவி கட்டியது, வெளியே பறப்பது புருஷன் திரித்தது. நடுவில் குண்டு.

மருந்து அறை நிலையத்துக்குப் பின்னால் மண்மேட்டில் தனியாக இருந்தது. கதவில்கூட இரும்பு ஆணி கிடையாது, எல்லாம் மர ஆணி. இரும்போ மணலோ உரசி ஒரு பொறி பறந்தால் போதும், அறையே பறந்துவிடும். உள்ளே போகும்முன் அவள் வளையலைக் கழற்றுவாள், கொண்டை ஊசியை உருவுவாள், காலில் ஒட்டிய மணலை ஒன்றுக்கு மூன்று முறை தட்டுவாள், துணிச் செருப்புக்கு மாறுவாள்.

"பொண்ணு பாக்கப் போறவன்கூட இவ்வளவு தட்டி உதறிக்கிட்டுப் போக மாட்டான்" என்பார் வீட்டுக்காரர்.

"நீங்க என்னப் பாக்க வந்தப்ப தட்டி உதறல. அதான் இன்னும் மண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு" என்பாள் அவள்.

உள்ளே இரண்டு பீப்பாய்கள். சின்னதில் ரவை போன்ற பொடி மருந்து. அது துளைக்கு. ஒரு சிட்டிகை போட்டு நெருப்பைக் காட்டினால் கண் சிமிட்டுவதற்குள் பற்றும். பெரியதில் மிளகளவு குருணையாகப் பை மருந்து. இதைச் செப்புக் கரண்டியால் அள்ளி, தராசில் நிறுத்துப் பையில் கட்ட வேண்டும். பதினோரு வருடமாக அவள் கட்டிய பொட்டலங்களில் எடை ஒரு குன்றிமணி கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இருக்கட்டுமே, வேறு எதில் கர்வப்பட அவளுக்கு நேரம் இருந்தது!

அந்த வருடம் வந்த பெரிய பீப்பாய், வழியில் எங்கோ ஈரம் குடித்திருந்தது. திறந்து பார்த்தால் மேலே இருந்த குருணைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாகக் கிடந்தன. கட்டியை எடுத்துத் தூரப் போட வேண்டும் என்பது விதி. அவளுக்கு மனசு வரவில்லை. தோல் விரிப்பில் கொட்டி, மர உருளையால் மெல்ல உருட்டி உடைத்தாள். கட்டி உடைந்தது, கூடவே குருணையும் உடைந்தது. இப்போது பாதி மிளகு, பாதி ரவை என்று ஒழுங்கில்லாமல் இருந்தது. அது அவள் கண்ணை உறுத்தியது. எல்லாவற்றையும் ரவையாக உருட்டி, சலித்து, ஒரே சீராக்கினாள். கருமருந்தை உருளையால் உடைத்தாள் என்று எழுதும்போது எனக்கே ஈரக்குலை நடுங்குகிறது. அவளோ மாவு சலிக்கிற நிதானத்தில் சலித்துக்கொண்டிருந்தாள். கரிய மணல் மாதிரி வழவழவென்று வந்த மருந்தைப் பார்த்ததும் அவளுக்கு உச்சி குளிர்ந்தது. தராசில் வைத்தாள். அதே எடை. எடை மாறாதபோது வேறு என்ன மாறிவிடப் போகிறது? அதிலிருந்து பீப்பாயில் அள்ளியதையெல்லாம் உருட்டிச் சலித்தே கட்டினாள்.

அடுத்த ஒத்திகையில் கயிறு அறுந்தது.

மாதம் இரண்டு ஒத்திகை. நான்கு மாதத்தில் எட்டு முறை சுட்டார்கள், ஆறு முறை கயிறு அறுந்தது. கயிறு அறுந்தால் குற்றம் யாருடையது? கயிற்றுக்காரருடையது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது! யாரும் யோசிக்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை. நாரை மாற்றினார், முறுக்கைக் கூட்டினார், மெழுகு தடவினார். அறுந்த முனைகளைக் கொட்டகையில் ஓர் ஆணியில் வரிசையாகத் தொங்கவிட்டு, சாப்பாட்டை மறந்து அவற்றையே பார்த்துக்கொண்டு நிற்பார். "ஒங்க கயித்துல துணி காயப்போட்டா, காத்தடிக்கிறதுக்கு முன்னாடியே கீழ விழுந்துடுமாமே?" என்று துடுப்புப் போடுகிறவர்கள் சிரித்தார்கள். எப்போதும் கழுத்தில் விசிலோடு அலைவதால் விசில்காரர் என்று பேர் வாங்கிய நிலையத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அடுத்த மாசத்துலேருந்து கயிறு வெளியேருந்து வருது. நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார் அவர். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அன்று கயிற்றுக்காரர் வீட்டுக்கு வந்து இரண்டு கையையும் மடியில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ மறந்து விட்டுப்போன சாமானைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஆறுதல் சொல்லத் தெரியாமல் அவள் மருந்து அறைக்குப் போனாள், இன்னும் கவனமாக, இன்னும் பொடியாக உருட்டினாள். தன்னால் முடிந்தது அதுதான் என்று நினைத்தாள்.

அதற்கு ஒன்பதாம் நாள் காலையில் கப்பல் பாறையில் ஏறியது.

விசில் சத்தம் கேட்டு அவள் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தபோது மழை குறுக்காக அடித்துக்கொண்டிருந்தது. அலைகளுக்கு நடுவே ஒற்றைப் பாய்மரக் கப்பல் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. பின்பாதி ஏற்கெனவே தண்ணீருக்குள். பாய்மரத்தடியில் ஆட்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ எண்ணி ஒன்பது என்றார்கள். கரையிலிருந்து நூற்றைம்பது பாகம் இருக்கும். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், அப்படி நூற்றைம்பது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அந்தப் பாய்மரமும் நிற்காது என்பது கடலைப் பார்த்துப் பழகிய எல்லோருக்கும் தெரிந்தது.

பீரங்கியைச் சுடுகிறவருக்கு அரைக்காது என்று பேர். இருபது வருட வெடிச் சத்தம் அவருடைய வலது காதைத் தின்றுவிட்டது, இடது காதில் பாதியைத் தின்றுவிட்டது. அவர் பொட்டலத்தை உள்ளே தள்ளினார், குண்டை இறக்கினார், துளையில் பொடியைப் போட்டு நெருப்பு வைத்தார். பட்டென்று ஒரு சத்தம். குண்டு கப்பலையும் தாண்டிப் பறந்தது, கயிறு இல்லாமல். கயிற்றின் முனை பத்தடி தள்ளி மணலில் செத்த பாம்பாக விழுந்தது.

இரண்டாவது முறையும் அப்படியே. கப்பலில் இருந்து ஒரு கூக்குரல் காற்றோடு வந்து தேய்ந்து போனது. கயிற்றுக்காரர் மணலில் மண்டியிட்டு, அறுந்த முனையைக் கையில் வைத்துக்கொண்டு நிமிராமல் இருந்தார்.

"தடிக் கயித்தப் போடுங்க!" என்று விசில்காரர் கத்தினார்.

"தடிக் கயிறு கனங்க ஐயா. நூறு பாகத்துக்கு மேல போகாது" என்றார் கயிற்றுக்காரர்.

"அறுந்து போற கயித்துக்கு அது தேவலாம்யா!"

அரைக்காது பீரங்கியின் முதுகைத் தடவிக்கொண்டு, யாருக்கும் இல்லாமல் பேசினார். காது கேளாதவர் இல்லையா, மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கத்தினார். "கயிறு என்னய்யா பண்ணும்? குண்டு கெளம்புறதே சரியில்ல. முன்னெல்லாம் தொம்முனு தள்ளும், உள்ளங்கால் வரைக்கும் அதிரும். நாலு மாசமா பட்டுனு அறையுது. எனக்குக் காதுதான் போச்சு, காலு போகல."

நாலு மாசம். அவள் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். கம்பளித் துணிக்கு மேலேயே விரலால் நசுக்கிப் பார்த்தாள். மெத்தென்று அமுங்கியது. முன்பெல்லாம் நறநறவென்று விரலை எதிர்க்கும். துளையில் போடுகிற பொடி கண் சிமிட்டுவதற்குள் பற்றிக்கொள்வது ஞாபகம் வந்தது. கயிறு ஆறு முறையும், இன்று இரண்டு முறையும், வளையத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒரே இடத்தில் அறுந்தது ஞாபகம் வந்தது. நைந்த கயிறு எங்கே வேண்டுமானாலும் அறும். இது நைந்து அறவில்லை, முதல் வெட்டு இழுப்பிலேயே அறுந்திருக்கிறது. அறுத்தது அவள் உருட்டிய பொடி.

பேசாமல் ஓடிப்போய் வேறு பொட்டலம் கட்டி வந்து கொடுத்தால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் தடிக் கயிற்றை ஏற்கெனவே இழுத்துவர ஆரம்பித்திருந்தார்கள். அது கப்பலை எட்டாது. அவள் வாயைத் திறக்காவிட்டால் எந்த மருந்தும் அந்த ஒன்பது பேரையும் காப்பாற்றாது.

"ஐயா, கயித்துல குத்தமில்ல" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள். "கயித்துல குத்தமில்லீங்க! மருந்துலதான். நான் இடிச்சுட்டேன்!"

கரையில் இருந்த இருபது பேரும் திரும்பினார்கள்.

"என்னத்தம்மா இடிச்சே?" என்றார் விசில்காரர்.

"பை மருந்த. கட்டி கட்டியா இருந்துச்சு. ரவையா உருட்டிச் சலிச்சுக் கட்டினேன். நாலு மாசமா அதத்தான் சுடுறீங்க. எடை மாறலன்னு நெனச்சேன். புத்திகெட்டுப் போய்ச் செஞ்சுட்டேன் ஐயா. பீப்பா அடியில முழுக்குருணை இருக்கு. இந்தா வந்துட்டேன். மெல்லிசுக் கயித்தையே போடுங்க!"

அரைக்காது அவள் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கி, சுருக்கைப் பிரித்து, உள்ளங்கையில் கொட்டினார். மழையில் கரைந்து மை மாதிரி வழிந்த பொடியைப் பார்த்தார். இருபது வருடம் பீரங்கியோடு நின்ற அந்த மனுஷனின் முகம் வெளிறிப் போனது.

"அட, தங்கச்சி! இத வச்சா சுட்டேன்? பீரங்கி பொளந்திருந்தா நாங்க எல்லாரும் மேலே போயிருப்போமே! ஓடு. மிளகளவு. ஒரு தூசிகூடக் கூடாது. ஓடு!"

அவள் ஓடினாள். அந்த அவசரத்திலும் வளையலைக் கழற்றினாள், கொண்டை ஊசியை உருவினாள், மணலைத் தட்டினாள். பீப்பாய்க்குள் தோள்வரை கையை விட்டு அடியிலிருந்து அள்ளினாள். குருணைகள் உள்ளங்கையில் உருண்டன. ஒவ்வொன்றும் மிளகாட்டம் திண்ணென்று, பளபளவென்று. பதினோரு வருடம் தினமும் தொட்டதை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டவள் போல அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அதே கரி, அதே வெடியுப்பு, அதே கந்தகம், அதே எடை. உருவம் மட்டும்தான் வேறு. அந்த உருவத்துக்குள் ஒன்பது உயிர் இருக்கிறதா? நிறுத்தாள், கட்டினாள், தோல் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி ஓடினாள்.

தடிக் கயிறு பெட்டிக்குப் பக்கத்தில் சுருளாகக் கிடந்தது. முளைகளில் அடுக்கியிருந்தது மெல்லிய கயிறு. வீட்டுக்காரர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசிச் சுற்றை முளையில் மாட்டி, குண்டின் வளையத்தில் முடிச்சிட்டு, ஒதுங்கி நின்றார். விசில்காரர் தடுக்கவில்லை.

அரைக்காது நெருப்பு வைத்தார்.

தொம்!

சத்தம் காதில் விழவில்லை, மார்பில் விழுந்தது. பீரங்கி துள்ளவில்லை. பெரிய தோள் ஒன்று முட்டித் தள்ளியது போல மணலில் அரையடி பின்னால் நகர்ந்து நின்றது. கொழுத்த வெள்ளைப் புகை உருண்டு வந்தது. அதைக் கிழித்துக்கொண்டு குண்டு மேலே ஏறியது. அவசரமே இல்லாமல் ஏறியது என்றுதான் அவள் பிற்பாடு சொல்வாள். பின்னாலேயே கயிறு முளை முளையாக உயிர் வந்து எழுந்தது. வெட்டு இல்லை, உதறல் இல்லை. பெட்டியிலிருந்து வானத்துக்கு ஒரு கோடு போய்க்கொண்டே இருந்தது. மழைக்கும் அலைக்கும் மேலே, அவ்வளவு பெரிய கடலுக்குக் குறுக்கே, அவள் புருஷன் விரலால் திரித்த இழை வளைந்து நின்றது. அதன் பின் மெல்ல இறங்கி, பாய்மரத்தின் குறுக்கே தோளில் துண்டு போடுவது போல விழுந்தது.

விசில்காரருக்கு விசில் ஊதத் தோன்றவில்லை. துடுப்புக்காரர்களில் ஒருவர் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அரைக்காது பின்னால் ஒருநாள் அவளுக்கு விளக்கியது இவ்வளவுதான். பெரிய குருணையை நெருப்பு தோலிலிருந்து உள்ளே தின்றுகொண்டு போகும். அது தின்று முடிப்பதற்குள் குண்டு நகர ஆரம்பித்துவிடும், புகை பின்னாலேயே போய் வாய்வரை தள்ளிக்கொண்டு இருக்கும். பொடியில் அத்தனை துகளும் ஒரே மூச்சில் எரிந்து தீர்ந்துவிடும். குண்டு நகர்வதற்கு முன்பே மொத்த வேகமும் அதன்மேல் விழும். முதுகில் கைவைத்துத் தள்ளுவதற்கும் முதுகில் அறைவதற்கும் உள்ள வித்தியாசம். துளைக்கு அறைதான் வேண்டும், பைக்குத் தள்ளல்தான் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே மருந்து செய்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வியப்பு அடங்கவே இல்லை. இன்னும் பதினாறு வருடம் அந்த அறையில் வேலை செய்தாள். அவள் கட்டிய பொட்டலங்களால் கரை சேர்ந்தவர்கள் நூறு பேருக்கு மேல். சுருக்குப் போடும்முன் ஒவ்வொரு பையையும் விரலால் நசுக்கி, அது நறநறவென்று எதிர்க்கிறதா என்று பார்ப்பாள். எதிர்த்தால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். வேலையில் சேர்த்துக்கொண்ட பெண்கள் பொட்டலக்காரிக்குக் கிறுக்கு என்றுகூடச் சொன்னார்கள்.

அந்த நாளுக்கு வருகிறேன். கூடை ஒன்பது முறை போய் ஒன்பது முறை வந்தது. கடைசி ஆள் மணலில் கால் வைத்த கொஞ்ச நேரத்தில் பாய்மரம் சாய்ந்தது. எல்லோரையும் நிலையத்துக்குள் கூட்டிப் போனார்கள். விசில்காரர் போகும்போது அவள் பக்கத்தில் நின்று, "ஒங்கள நான் என்ன செய்யறதுன்னு நாளைக்கு யோசிக்கிறேம்மா" என்றார். பிறகு கயிற்றுக்காரரிடம் போய், "நான் சொன்ன வார்த்தைய மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

மழை விட்டிருந்தது. கயிற்றுக்காரர் மெல்லிய கயிற்றைக் கரைக்கு இழுத்து, கரையோடு நீளமாகப் போட்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, வளையத்து முனையிலிருந்து தடவிக்கொண்டே வந்தார். பழக்கதோஷம், பின்னோக்கித்தான் நடந்தார். கல் தடுக்காமல் பார்த்துச் சொல்வதற்காக அவள் பக்கத்திலேயே நடந்தாள். நூற்றைம்பது பாகமும் அவர் விரலை எடுக்கவில்லை. கடைசி முனை வந்ததும் நின்றார்.

"ஒரு இழைகூடப் போகல" என்றார். அப்படியே உட்கார்ந்தார்.

அவளும் உட்கார்ந்தாள்.

"நாலு மாசம்டி!" அவர் குரல் உடைந்தது. "என் கையில என்னமோ வியாதின்னு நெனச்சேன். கயிறு திரிக்கவே மறந்துபோச்சுன்னு நெனச்சேன். காலையில எந்திரிச்சாக் கொட்டாய்க்குப் போகவே பயம்."

"தெரியும்."

"எதுக்கு இடிச்சே?"

"சீரா இருந்தா கயிறு நேராப் போகும்னு நெனச்சேன்" என்றாள். "ஒங்க கயிறு."

அவள் கைகள் மணிக்கட்டுவரை கறுத்திருந்தன. நகக்கண்ணில் ஒரு குருணை ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்து, குருணையை மெல்லத் தட்டிவிட்டார்.

"இனிமே கட்டி கிட்டி இருந்தா ஒரு வார்த்த சொல்லு" என்றார். "ரெண்டு பேருமாப் போய் கடல்ல கொட்டிட்டு வருவோம்."

அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள்.